ஆயிரத்தொண்ணு ரைட்டரும் ஒரு சீப்பு வாழைப்பழமும்

சேர்வராயன் மலையில் எந்த நம்பரும் அந்த மனுஷன் கண்ணில் படாமல் தப்பித்ததில்லை. கார் நம்பர், கரண்ட் பில் நம்பர், கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்த செல் நம்பர், கேஸ் சிலிண்டர் தலையில் பொறித்திருக்கும் நம்பர், எதுவானாலும் சரி, ஆள் அப்படியே நின்றுவிடுவார். உதடு முணுமுணுக்கும். ஆள்காட்டி விரல் காற்றில் எழுதும். கொஞ்ச நேரத்தில் முகம் மலரும், இல்லாவிட்டால் வாடும். மலர்ந்தால் உங்களுக்கு அரை மணி நேரம் போச்சு. வாடினால் ஏன் வாடியது என்று விளக்க ஒரு மணி நேரம்.

தலைச்சோலைப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் அவர் ரைட்டர். ரைட்டர் என்றதும் கதை எழுதுகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். வேலைக்கு யார் வந்தார்கள் என்று குறிப்பது, பறித்த காபிப் பழத்தை எடை போட்டு எழுதுவது, அதுதான் எஸ்டேட் ரைட்டர் உத்தியோகம். ஊருக்கு அவர் 'ஆயிரத்தொண்ணு ரைட்டர்'. சொந்தப் பெயர் ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியாருக்கும் ரேஷன் கடைக்காரருக்கும் மட்டும்தான் தெரியும்.

ஏரிக்கரைப் பக்கம் நான் ஒரு ஜெராக்ஸ் கடையும் பிரவுசிங் சென்டரும் சேர்த்து வைத்திருந்தேன். பஸ்ஸுக்கு நேரமிருந்தால் ரைட்டர் என் கடைக்குத்தான் வருவார். ஏன் உங்களை ஆயிரத்தொண்ணு என்கிறார்கள் என்று ஒருநாள் நானாக வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

"தம்பி, ரெண்டு, மூணு, அஞ்சு இவங்கெல்லாம் சாதுங்க. யாரு கூப்பிட்டாலும் வந்துருவாங்க. ஏழு, பதினொண்ணு, பதிமூணு இருக்கறாங்க பாருங்க, நொம்ப முரட்டு ஆளுக. லேசுல எந்த நம்பருக்குள்ளயும் போயி உக்கார மாட்டாங்க. இந்த மூணு பேரையும் பெருக்கிப் பாருங்க."

நான் பெருக்கவில்லை. அவரே பெருக்கினார்.

"ஆயிரத்து ஒண்ணு! ஒரு நம்பரு ஆயிரத்தொண்ணால மீதியில்லாம வகுபட்டா, மூணு முரடனும் ஒரே ஊட்டுல சண்டை சச்சரவு இல்லாம குடியிருக்கறாங்கன்னு அர்த்தமுங்க. அந்த மாதிரி நம்பரு கெடைக்கறது லேசுப்பட்ட காரியமுங்களா?"

"கிடைச்சா என்ன பண்ணுவீங்க ரைட்டரே?"

"கொண்டாடோணுமுங்க."

அவருடைய கொண்டாட்டம் ஒரு சீப்பு மலை வாழைப்பழம். நம்பர் யாருடையதோ அவருக்குத் தன் செலவில் பழம் வாங்கி, நம்பர் எழுதிய காகிதத்தையும் பழத்தையும் ஒரே கவரில் போட்டு, இரண்டு கையாலும் நீட்டுவார். வாங்கிக்கொள்ளாமல் நகர விடமாட்டார். ஒரு தடவை மலைப்பாதை வளைவில் ஒரு டூரிஸ்ட் காரை வழிமறித்துவிட்டார். பின்னால் வந்த பஸ் பிரேக் அடித்து, அதற்குப் பின்னால் வந்த லாரி பிரேக் அடித்து, ஹாரன் சத்தத்தில் பள்ளத்தாக்கே அதிர்ந்தது. கார்க்காரர் கண்ணாடியை இறக்கி, "டயர் பஞ்சரா?" என்றார் பதறிப்போய். "இல்லீங்க சார். உங்க வண்டி நம்பரு ஆறாயிரத்து ஆறு. உள்ளார மூணு பேரு இருக்கறாங்க," என்றார் ரைட்டர். வண்டிக்குள் புருஷனும் பெண்டாட்டியும் மட்டும்தான் இருந்தார்கள். அந்தம்மாள் வீறிட்டு அலறியதைக் கேட்டவர்கள் இன்னும் ஏற்காட்டில் இருக்கிறார்கள்.

சர்ச்சில் கேட்கவே வேண்டாம். பாட்டு நம்பரைப் பலகையில் மாட்டியதும் எல்லோரும் புத்தகத்தைப் புரட்டுவார்கள், இவர் மட்டும் புரட்டமாட்டார். "தொண்ணூத்தொண்ணா? வேஷக்காரன்! பகா எண் மாதிரி மூஞ்சிய வெச்சுக்கிட்டு உள்ளார ஏழையும் பதிமூணையும் ஒளிச்சு வெச்சிருக்கான்," என்று பக்கத்தில் இருப்பவரிடம் கிசுகிசுப்பார். அந்தக் கிசுகிசுப்பு பீடம் வரைக்கும் கேட்கும். எழவு வீட்டிலும் அப்படித்தான். செத்துப்போன பெரியவருக்கு வயது தொண்ணூற்றேழு என்றதும், "எதாலயும் வகுக்க முடியாத வயசுங்க, குடுத்து வெச்ச மனுசன்," என்று மகனைக் கட்டிப்பிடித்துச் சொன்னார். மகன் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றார்.

என் கடைக்கு வரும் ஜனங்கள் ஆதார், ரேஷன் கார்டு, பரீட்சை ஹால் டிக்கெட் என்று கையில் நம்பரோடுதானே வருவார்கள்? எல்லோரும் கையால் மூடிக்கொண்டு நிற்க ஆரம்பித்தார்கள். ஒரு போலீஸ்காரர் தன் ஏ.டி.எம். கார்டைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டதை நானே பார்த்தேன். எனக்கு முன்கோபம் ஜாஸ்தி. "ரைட்டரே, என் பிழைப்பைக் கெடுக்காதீங்க, பஸ் ஸ்டாண்டிலேயே உட்காருங்க" என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது கத்துவேன். "சரிங்க தம்பி" என்பார். மறுநாள் வந்து அதே ஸ்டூலில் உட்காருவார்.

இப்படியே சிரிப்பும் எரிச்சலுமாகப் போயிருக்கும், அமுதா வந்த அந்த மழைநாள் மட்டும் இல்லாதிருந்தால்.

அன்றைக்குக் காலையிலிருந்து கரண்ட் இல்லை. எங்கேயோ மரம் சாய்ந்து லைன் அறுந்து கிடந்தது. டவரும் படுத்துவிட்டது. நான் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, யு.பி.எஸ்.ஸில் மோடத்தை மட்டும் ஓடவிட்டு, நெட் எப்போது வரும் என்று மோடத்தின் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். மதியத்துக்கு மேல் செம்மநத்தத்திலிருந்து ஒரு அம்மாவும் பெண்ணும் தொப்பலாக நனைந்து வந்து சேர்ந்தார்கள். பெண் பேர் அமுதா. பிளஸ் டூ முடித்தவள். அரசாங்கக் கல்லூரியில் விவசாயப் பட்டப்படிப்புக்கு இடம் ஒதுக்கி மெசேஜ் வந்திருக்கிறது. அந்த இடம் எனக்கு வேண்டும் என்று வெப்சைட்டுக்குள் போய் உறுதி செய்ய வேண்டும். கடைசி நாள் அன்றைக்குத்தான், மாலை ஐந்து மணியோடு சரி. தவறினால் இடம் வரிசையில் அடுத்து நிற்கும் பிள்ளைக்குப் போய்விடும்.

"கடைசி நாள் வரைக்கும் என்னம்மா பண்ணிட்டிருந்தீங்க?" என்று நான் எரிந்து விழுந்தேன்.

"சார், மெசேஜு இவ அப்பா செல்லுக்குப் போயிருச்சுங்க. அவரு குடகுல எஸ்டேட் வேலைக்குப் போயிருக்கறாரு. அங்க டவரே இல்லீங்க. நேத்துத்தான் சந்தைக்கு வந்தவரு பாத்துப்போட்டு, பக்கத்து ஊட்டு போனுக்குக் கூப்பிட்டுச் சொன்னாரு." அந்தம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வர்ற திங்கக்கெழமை மில்லு வேன் வருதுங்க, புள்ளைகளை ஏத்தறதுக்கு. இவளையும் அனுப்பறதாச் சொல்லி வெச்சிருக்குது. இந்தக் காலேஜு கெடைச்சா படிப்பு. கெடைக்கலைன்னா மில்லுதானுங்க சார்."

அமுதா ஒரு பாலிதீன் கவரை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள். அதற்குள் அவளுடைய அப்ளிகேஷன் பிரிண்ட் இருந்தது, அதில் பத்து இலக்க நம்பர் ஒன்று. பாஸ்வேர்ட் அவளுக்கு மனப்பாடம். நம்பர் அந்தக் காகிதத்தில் மட்டும்தான் இருந்தது.

"நெட் வந்ததும் முதல் வேலை உன்னுதுதான், உட்காரும்மா" என்று சொல்லி வாய் மூடவில்லை, ரைட்டர் உள்ளே நுழைந்தார்.

"ஏனுங்க தம்பி, கரண்ட் இல்லீங்களா? அது என்ன கண்ணு கையில? நம்பருங்களா?"

"ரைட்டரே, இன்னைக்கு வேண்டாம். சொன்னாக் கேளுங்க."

யார் கேட்டார்கள்? காகிதம் அவர் கைக்குப் போய்விட்டது. விரல் காற்றில் ஏறி இறங்கியது. நான் தலையில் அடித்துக்கொண்டு மோடத்தின் பக்கம் திரும்பினேன். திடீரென்று "இருக்கறாங்க! மூணு பேரும் இருக்கறாங்க!" என்று ஒரு கூச்சல். கையில் எடுத்திருந்த மோடத்தைக் கீழே போடப் பார்த்தேன்.

உள்ளே வெளிச்சம் போதவில்லை என்று அமுதாவை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். வாசற்படியில் மழைத்தண்ணீரைத் தொட்டு விரலால் எழுதி எழுதி ஏதோ விளக்கினார். அவள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பக்கத்துக் கடைக்கு ஓடிப்போய் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிவந்தார். காகிதத்தையும் பழத்தையும் ஒரே கவரில் போட்டார். ஏரிக்கரையில், பட்டப்பகலில், நடுரோட்டில் நின்றுகொண்டு, அந்தக் கவரை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கி, "வாங்கிக்க சாமி!" என்றார்.

வாங்கிக்கொண்டது குரங்கு.

ஏற்காட்டில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும், ஏரிக்கரையில் பழத்தை வெளியே காட்டி நடக்கக்கூடாது என்று. ஆயுசு பூராவும் இதே மலையில் இருக்கும் மனுஷன், நம்பர் மயக்கத்தில் அதை மறந்துபோனார். தகரக் கூரையிலிருந்து ஒரு தாட்டியான குரங்கு இறங்கியது, கவரைப் பிடுங்கியது, எதிரே இருந்த சில்வர் ஓக் மரத்தில் ஏறி நடுக்கிளையில் உட்கார்ந்துகொண்டது. எல்லாம் கண் சிமிட்டுகிற நேரம்தான்.

"ஐயோ, எம் புள்ள சீட்டு!" என்று அமுதாவின் அம்மா போட்ட சத்தத்தில் படகுத்துறையில் இருந்தவர்கள் எல்லாம் ஓடிவந்தார்கள்.

வந்தவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கல்லால் அடி என்றார் ஒருவர். அடித்தால் கவரோடு அடுத்த மரத்துக்குத் தாவிவிடும் என்றார் இன்னொருவர். நாங்கள் பிஸ்கட் காட்டினோம், கடலை காட்டினோம். குரங்கு எங்களைக் கவனிக்கவே இல்லை. பழத்தை ஒவ்வொன்றாக உரித்துத் தின்றுகொண்டே, நடுவில் காகிதத்தை எடுத்து முகர்ந்து பார்த்து ஒரு கடி கடித்தது. அமுதா மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள், அழக்கூட இல்லை. அவள் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

கடைசியில் பஜ்ஜிக்கடை அக்காதான் வந்து, "எல்லாரும் அக்கட்டால தள்ளுங்க" என்று சொல்லிவிட்டு, சுடச்சுட ஒரு மிளகாய் பஜ்ஜியைக் குறிபார்த்து வீசினார். குரங்கு அதைத் தாவிப் பிடித்து வாயில் போட்டது. இரண்டு மெல்லு மென்றது. அப்புறம் அது எழுப்பிய சத்தத்தை என்னால் எழுத்தில் கொண்டுவர முடியாது. பழம், கவர், காகிதம் எல்லாவற்றையும் உதறிவிட்டு ஏரித்தண்ணீரை நோக்கி ஓடியது.

காகிதத்தை எடுத்துப் பார்த்தோம். பாஸ்போர்ட் போட்டோ பத்திரமாக இருந்தது. அப்பா பேர் இருந்தது. நம்பரில் ஏழு இலக்கம் மட்டும் இருந்தது. கடைசி மூன்றும் குரங்கின் வயிற்றுக்குள்.

"அப்ளிகேஷன் போட்டுக் கொடுத்த பள்ளிக்கூடத்துக்குக் கடை லேண்ட்லைன்ல போன் போடும்மா" என்றேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அப்பா செல் தொடர்பு எல்லைக்கு வெளியே. அந்த நேரம் பார்த்து மோடத்தில் பச்சை விளக்கு எரிந்தது. நெட் வந்துவிட்டது. ஐந்து மணிக்கு இன்னும் அரை மணிதான் பாக்கி. வெப்சைட்டைத் திறந்தால், மூன்று தடவை தப்பாகப் போட்டால் அன்றைக்குக் கணக்கு பூட்டப்படும் என்று சிவப்பில் எழுதியிருந்தது.

நான் ரைட்டர் பக்கம் திரும்பினேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரைத் தூக்கி ஏரியில் போட்டிருப்பேன்.

"நம்பர் ஞாபகம் இருக்கா?"

"நம்பரு ஞாபகம் இல்லீங்க தம்பி." என்றார் தரையைப் பார்த்து. "குணம் ஞாபகம் இருக்குது."

"அய்யா!" என்று அமுதாவின் அம்மா கை இரண்டையும் கூப்பிவிட்டார். "குணத்தை வெச்சு மாப்பிள்ளை வேணா பாக்கலாமுங்க. காலேஜுல குணமா கேக்கறாங்க? நம்பரைத்தானுங்க கேக்கறாங்க!"

"இல்லீங்கம்மா. ஆயிரத்தொண்ணால வகுபட்டுச்சு. அது சத்தியம். அது போதுமுங்க." சொல்லிக்கொண்டே பாழான ஜெராக்ஸ் தாள் ஒன்றை இழுத்தார். "தம்பி, வலது பக்கமிருந்து மூணு மூணா வெட்டோணும். ஒண்ணு விட்டு ஒண்ணு கூட்டோணும். மொதல் துண்டும் மூணாந் துண்டும் ஒரு கட்சி. ரெண்டாந் துண்டும் நாலாந் துண்டும் எதிர்க்கட்சி. ஆயிரத்தொண்ணால வகுபடற நம்பருல ரெண்டு கட்சிக்கும் சரிசமமா வரோணும்."

(கணக்குப் படித்த வாசகர்கள் பேனாவை எடுத்துவிடாதீர்கள். சமமாக வராமல் ஆயிரத்தொன்று வித்தியாசம் வந்தாலும் செல்லும் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அன்றைக்கு இருந்த நம்பரில் அதற்கு இடமில்லை.)

கிழிசலில் தெரிந்த ஏழு இலக்கத்தை நான் படித்தேன். 2, அப்புறம் 413, அப்புறம் 836. அதற்கு மேல் பல்தடம்.

"ரெண்டும் எட்டுநூத்து முப்பத்தாறும் சேந்தா எட்டுநூத்து முப்பத்தெட்டு. எதிர்க்கட்சியில நானூத்துப் பதிமூணு இருக்குது. பாக்கி நானூத்து இருபத்தஞ்சு! இதை உட்டா வேற வழியே கெடையாதுங்க. போடுங்க தம்பி!"

2413836425 என்று அடித்தேன். அமுதா பாஸ்வேர்டை அடித்தாள். திரையில் வட்டம் சுற்றியது. மலையில் மழை பெய்தால் நெட் எப்படி நகரும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடைக்குள் ஆறேழு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

சிவப்பு எழுத்து வந்தது. தவறான எண். இன்னும் இரண்டு வாய்ப்பு.

நான் கத்தினேன். இன்ன வார்த்தை என்று இல்லை, வாயில் வந்ததெல்லாம் கத்தினேன். "ஆயிரத்தொண்ணு, ஆயிரத்தொண்ணுன்னு ஊரையே படுத்தினீங்களே! ஒரு பொண்ணு படிப்புல மண்ணைப் போட்டுட்டீங்களே ரைட்டரே!" யு.பி.எஸ். சார்ஜ் இறங்கி 'கீக் கீக்' என்று அடிக்க ஆரம்பித்தது. ரைட்டர் ஸ்டூலில் உட்காரப் போய், உட்காராமல் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப எனக்குத்தான் தப்பா ஞாபகமுங்க," என்றார். "வகுபடலியோ என்னமோ. எனக்கே சந்தேகமா இருக்குதுங்க."

அத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் வாயிலிருந்து சந்தேகம் என்ற வார்த்தையை நான் கேட்டதே இல்லை. என் கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. பயம் மட்டும்தான் மிச்சமிருந்தது. அமுதாவின் அம்மா மகளின் தோளைத் தொட்டு, "வா சாமி, பஸ்ஸுக்குப் போலாம். உனக்குக் குடுத்து வெச்சது அவ்வளவுதான்," என்றார்.

அப்போதுதான் அந்தப் பெண் முதல் தடவையாக வாய் திறந்தாள்.

"அய்யா, நீங்க வாசப்படியில எழுதிக் காட்டறப்ப மூணு எட்டு வந்துச்சுங்க."

"என்ன கண்ணு?"

"ரெண்டு கட்சிக்கும் மூணு எட்டு. எட்டு, எட்டு, எட்டு. நீங்க கைகூடத் தட்டுனீங்க. இப்ப முப்பத்தெட்டுன்னு சொல்றீங்க."

ரைட்டர் அவளையே பார்த்தார். "கூட்டுத்தொகையெல்லாம் நான் மனசுல வெக்கறதில்லை சாமி, அது சில்லறை வேலைன்னு உட்டுருவேன்," என்று முணுமுணுத்தபடி எழுந்தார். காகிதத்தை என் கையிலிருந்து வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். 836 என்று நான் படித்த துண்டின் நடு இலக்கத்தில், இடது ஓரமாக, கடுகளவு ஓட்டை. அதன் வழியாக வெளியே ஏரி தெரிந்தது.

"தம்பி, இது மூணு இல்லீங்க," என்றார். "குரங்கு பாதி தின்ன எட்டு."

அவர் தாளைத் தேடுவதற்குள் அமுதா சொல்லிவிட்டாள். "எட்டுநூத்து எண்பத்தாறும் ரெண்டும் எட்டுநூத்து எண்பத்தெட்டு. அதுல நானூத்துப் பதிமூணு போனா நானூத்து எழுபத்தஞ்சுங்க."

"போடட்டுமா?" என்றேன். யு.பி.எஸ். இடைவிடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அவசரத்தில் நான் ஒரு இலக்கத்தைத் தப்பாக அடித்து, அழித்து, மறுபடி அடித்தேன். "நகருங்க சார், நான் அடிக்கறனுங்க" என்று அமுதா என் நாற்காலியில் உட்கார்ந்தாள். 2413886475. ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே அடித்தாள். பாஸ்வேர்டையும் அடித்து பட்டனை அழுத்தினாள்.

வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. ரைட்டர் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார். பஜ்ஜிக்கடை அக்கா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்து வாசலில் நின்றிருந்தார்.

திரையில் அமுதாவின் பேர் வந்தது. அப்பா பேர், பள்ளிக்கூடத்தின் பேர், அப்புறம் கல்லூரியின் பேர். கீழே பச்சையில் ஒரு பட்டன், 'ஒப்புக்கொள்கிறேன்' என்று. அவள் அதை அழுத்தினாள். இடம் உறுதி செய்யப்பட்டது என்று வந்தது, கூடவே ரசீது எண் என்று நீளமாக ஒரு நம்பர். அதை அவள் தாளில் எழுதி முடித்துச் சரிபார்த்த பிறகுதான் யு.பி.எஸ். உயிரை விட்டது. இருட்டில் அமுதாவின் அம்மா ஓவென்று அழுதார். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், இருட்டுத்தானே என்ற தைரியத்தில்.

புது நம்பர்! எல்லோரும் ரைட்டரைத் திரும்பிப் பார்த்தோம். அமுதாவே அந்தத் தாளை அவரிடம் நீட்டினாள். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். அப்படியே தடவித் தாளை நான்காக மடித்து அவள் கையில் திணித்தார்.

"உள்ளார வெச்சுக்க சாமி. ஒருத்தருகிட்டயும் காட்டாத. எங்கிட்டயும் காட்டாத."

சொல்லிவிட்டு மழையோடு மழையாக இறங்கிப் போய்விட்டார்.

அதற்கப்புறம் அவர் என் கடைப் பக்கம் வரவில்லை. ஜனங்கள் நம்பரைத் திறந்து வைத்துக்கொண்டு நிம்மதியாக நின்றார்கள். வேலை மளமளவென்று நடந்தது. ஆனால் எனக்குத்தான் கடையில் உட்காரவே பிடிக்கவில்லை. ஸ்டூல் காலியாகக் கிடந்தது. யாராவது அதில் உட்கார்ந்தால், ஆள் வருவார், எழுந்திருங்க என்று சண்டைக்குப் போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, டூரிஸ்ட் கூட்டம் நெருக்கித் தள்ளி நாலு காசு பார்க்கிற நாள், கடையைப் பூட்டிவிட்டுத் தலைச்சோலைக்குப் பஸ் ஏறினேன்.

எஸ்டேட் எடைக் கொட்டகையில் தனியாக உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"ஏனுங்க தம்பி, அந்தப் புள்ள சேந்துருச்சுங்களா?"

"சேர்ந்தாச்சு ரைட்டரே. ஹாஸ்டல்ல இடம் கொடுத்துட்டாங்களாம். அவங்கம்மா வந்து சொல்லிட்டுப் போனாங்க. மில்லு வேன் அவ இல்லாமத்தான் போச்சு."

தலையை ஆட்டினார். "கொஞ்சம் தப்பியிருந்தா அதுல ஏறிப் போயிருக்குமுங்க. என்னாலதான். எனக்குத் தூக்கமே புடிக்கறதில்லீங்க."

நான் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்தேன். கடைக்குப் புதிதாக வைத்த கரண்ட் மீட்டரின் நம்பர்.

"இதைக் கொஞ்சம் பாருங்க."

"வேண்டாமுங்க தம்பி. நான் நம்பரு பாக்கறதை உட்டுட்டனுங்க."

"பார்க்காட்டிப் போங்க. இங்கேதான் வெச்சிருக்கேன்" என்று சொல்லி, காகிதத்தை எடைத்தட்டின் மேல் விரித்துவைத்துவிட்டு, ஒரு சாக்கு மூட்டையின் மேல் உட்கார்ந்தேன். அவர் காபிச் செடிகளைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். வெளியே போகும் பஸ்ஸைப் பார்த்தார். அப்புறம் அவர் கண் மெதுவாக எடைத்தட்டுக்கு வந்தது. விரல் லேசாக அசைந்தது.

"ஏழால போகலீங்க," என்றார், தனக்குத்தானே சொல்வது மாதிரி. கொஞ்ச நேரம் கழித்து, "பதினொண்ணுலயும் இல்லை." பதிமூன்று போகவில்லை. பதினேழு போகவில்லை. பத்தொன்பதுக்குப் போனார். விரல் இப்போது காற்றில் பெரிதாக ஏறி இறங்கியது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடையை நினைக்கவில்லை, பஸ்ஸை நினைக்கவில்லை. அவர் இருபத்துமூன்றை ஆரம்பித்தபோது, ஏதாவது ஒன்றில் வகுபட்டுச் சட்டென்று முடிந்துவிடப் போகிறதே என்று மட்டும் எனக்குப் பதைப்பாக இருந்தது.